ராத்ரியின் மூக்கு

ராத்ரி பிறந்தது மே க்லோங் ஆறு கடலில் சேரும் இடத்தில், கூனி விழுது போடும் வீட்டில். கூனி இறாலை உப்போடு இடித்து, வெயிலில் உலர்த்தி, ஜாடியில் அடைத்துப் புளிக்க விடும் தொழில். வீட்டுச் சுவர், தலையணை, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அந்த வாடை ஊறிக் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் சாம்பிரான் வாய்க்கால் கரையில் ஓர் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மருமகளாக வந்தால் சனம் சும்மா இருக்குமா?

"மருமகளைக் காலையில பூ பக்கம் விட்டுராதீங்க. வாசனை பயந்துபோய் வாய்க்காலைத் தாண்டி ஓடிரும்" என்றாள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். ராத்ரியும் கூடச் சிரித்து வைத்தாள்.

முதல் மழைக்காலத்தில் ஒரு காலை, நிழல்வலைக்குக் கீழே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"இங்க ஏதோ அழுகுது."

கணவர் தாவோன் வந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "மழை ஈரம்தான்" என்றார்.

"ஈரம் எனக்குத் தெரியாதா? ஜாடி மூடி சரியாப் பொருந்தலன்னா ஒரு வாடை வரும். அது இது."

கூடை கூடையாக இறக்கிப் பார்த்தார்கள். மேல் வரிசையில் ஒரு செடியின் அடித்தண்டு, விரல் வைத்தால் உள்ளே போகிற மாதிரி நைந்து கிடந்தது. அந்த நோய் தண்ணீர்த் துளியில் தொற்றும். இன்னொரு மழை பெய்திருந்தால் வரிசையே போயிருக்கும். தாவோன் கூடையோடு கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார். வந்து மனைவியின் மூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்படி ஒரு மூக்கை வச்சுக்கிட்டா இத்தனை நாளும் கூனி இடிச்சிட்டிருந்த?"

அன்றைக்கு ஏற்பட்ட ஏற்பாடு முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. நல்ல வாசனை அவருக்கு, கெட்ட வாசனை அவளுக்கு. தினமும் தண்ணீர் விடுவதற்கு முன்னால் ராத்ரி ஒரு தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பாள். அழுகல், பூசணம், வாய்க்கால் தண்ணீரில் கலந்த டீசல், எலி செத்துக் கிடக்கும் மூலை எல்லாம் அவள் இலாகா. நடக்கும்போதே செடிகளை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். "தின்னுட்டுத் தின்னுட்டு இலையா விடுறியே, வெக்கமா இல்ல? உன் தங்கச்சியப் பாரு, மொட்டு வச்சிட்டா." திட்டினால் பூக்கும் என்று அவள் நம்பவில்லை. திட்டாமல் நடந்தால் அவளுக்குப் பொழுது போகாது.

அவர்கள் வளர்த்தது யானை ஆர்க்கிட். அவர்கள் மொழியில் அந்தச் செடிக்குப் பெயரே யானைதான். தடித்த இலை, மரக்கூடையிலிருந்து கயிறாகத் தொங்கும் வேர், குளிர்காலத்தில் தும்பிக்கை போல வளைந்து இறங்கும் பூங்கொத்து. ஜனவரியில் வெயில் வலையைத் தொட்டதும் வாசனை கிளம்பும். மத்தியானத்துக்கு மேல் அடங்கிவிடும். மப்பான நாளில் சில சமயம் வராமலே போகும்.

அந்த மாதத்தில் தாவோன் பிடிக்கிற பிடி கொஞ்சநஞ்சமல்ல. சமையலில் பூண்டு கூடாது. தோட்டத்துக் காவல் தெய்வத்தின் சின்னக் கோயிலில் ஊதுவத்தி கூடாது, சிவப்பு சோடா மட்டும்தான்.

"தெய்வம் கோவிச்சுக்கப் போகுது" என்பாள் ராத்ரி.

"சோடா ரெண்டு பாட்டிலா வை."

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை இன்ஹேலருக்கு. அந்த ஊரில் பஸ் ஓட்டுநர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை ஆளுக்கொரு மென்தால் இன்ஹேலரை மூக்கில் செருகிக்கொண்டுதான் திரிவார்கள். தோட்ட வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. வருகிறவர்கள் இன்ஹேலரை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வியாபாரி, சொந்தக்காரர், ஒரு முறை வந்த போலீஸ்காரர் யாருக்கும் விலக்கு இல்லை.

அப்புறம் தாவோன் ஒரு பூவுக்கு முன்னால் நிற்பார். கண்ணை மூடுவார். "எலுமிச்சைத் தோல். உள்ள தள்ளி, கொஞ்சம் கிராம்பு" என்பார். அவர் சொன்ன பிறகு வாங்க வந்தவர்கள் தாங்களாக முகர்ந்து பார்த்ததில்லை. பார்த்தாலும் எலுமிச்சைத் தோலும் கிராம்பும்தான் அவர்களுக்கு வரும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. யானையில் அடர்சிவப்பு உண்டு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, ஆனால் அவர்கள் தோட்டத்துச் சிவப்பில் வாசனை அனேகமாக இல்லை. வெள்ளை உண்டு. ஒரு கொத்து பூத்தால் முற்றம் முழுக்க மணக்கும். வெள்ளையின் மணத்தோடு ஓர் அடர்சிவப்பு வேண்டும். சிவப்பையும் வெள்ளையையும் இணைத்துக் காய் பிடிக்க வைத்தார். மகன் ஏக் திசு வளர்ப்பு படித்தவன். வீட்டின் பின்கட்டில் விதைப்பு அறை அவனுடையது. தூசியை விடப் பொடியான விதையைக் கண்ணாடிக் குடுவைக்குள் விதைத்து, நாற்றாக்கிக் கூடைக்கு ஏற்றினான். ஐந்து வருஷம் கழித்துப் பூத்தவை எல்லாம் ரோஸ். மணமும் அரைகுறை.

"இது எதிர்பார்த்ததுதான். இதுங்களை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேத்தா, பேரப்பிள்ளைங்க கிட்ட தாத்தா குணமும் பாட்டி குணமும் பிரிஞ்சு பிரிஞ்சு வரும். நூத்துக்கணக்குல பூக்க விட்டா ரெண்டும் சேந்தது ஒண்ணு வரலாம்" என்றான் ஏக்.

"வரலாமா, வருமா?" என்றார் தாவோன்.

"வரலாம்."

"பெத்த பிள்ளையே இன்னும் யாரு குணம்னு பிடிபடல. இதுல பேரன் பேத்திக்குக் காத்திருக்கணுமா?" என்றாள் ராத்ரி.

காத்திருந்தார்கள். இன்னும் ஐந்து வருஷம். பேரப்பிள்ளைச் செடிகள் மொட்டு வைக்க வேண்டிய குளிர்காலத்துக்குச் சற்று முன்னால், மழை ஓய்ந்ததும், தாவோன் நிழல்வலையை இழுத்துக் கட்ட மூங்கில் ஏணியில் ஏறினார். ஏணியின் ஒரு கால் சேற்றில் இறங்கியது. பின்பக்கமாக விழுந்து சிமெண்டுத் தூணில் தலை மோதியது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் படம் எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வந்த மறுநாளே வலையைக் கட்டி முடித்தார்.

சீக்கிரமே பூக்கும் வெள்ளைச் செடி ஒன்று டிசம்பரில் பூத்தது. அதற்கு முன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். ராத்ரிக்கு அன்று சளி. இன்ஹேலரை ஒரு மூக்கில் செருகியபடி, அதையே மறந்து, அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். நின்ற பிறகுதான் நினைவு வந்தது. போச்சு, கத்தப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"ம். நல்லா வந்திருக்கு" என்றார் தாவோன். கண்ணைத் திறக்கவில்லை.

அவள் மூக்கில் மென்தால் எரிந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி நின்றாலே தெரியும்.

மெதுவாக அதை உருவினாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று மத்தியானம் அவருக்குப் பிடித்த கானாங்கெளுத்தியைப் பொரித்து, கூனி விழுதைச் சுட்டு மிளகாய்த் துவையல் அரைத்து வைத்தாள். தெருமுனை வரை மணக்கிற சாப்பாடு. அவர் பேருக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

அவர் கையைக் கழுவி முடித்தார். "விழுந்ததுலேருந்து."

"டாக்டர் கிட்ட ஏன் சொல்லல?"

"தலை சுத்துதான்னு கேட்டாங்க. வாந்தி வருதான்னு கேட்டாங்க. மூக்கைப் பத்தி யாரும் கேக்கல."

"சளி பிடிச்சா கூட அப்படித்தான் இருக்கும். வந்துரும்."

"பக்கத்துல வச்சுப் பலாப்பழம் உரிச்சாங்க, ராத்ரி. சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "யாருக்கும் தெரிய வேணாம். ஏக்குக்கும் வேணாம். இந்த ஒரு பூப்பு முடியட்டும்."

"வாங்க வர்றவங்க?"

"நீ என் பின்னாலயே நில்லு."

அப்படித்தான் ராத்ரி நல்ல வாசனைக்கு வந்தாள். அவர் பூவுக்கு முன்னால் கண்ணை மூடுவார். அவள் வியர்வையைத் துடைத்துவிடுகிற சாக்கில் தோளுக்குப் பின்னால் நின்று காதில் முணுமுணுப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சமையற்கட்டுச் சொற்கள். "மூணாவது தடவை அரிசி கழுவின தண்ணி." "பல்வலிக்கு வைக்கிறோமே, அது." "வெயில்ல காஞ்ச புதுப் பாய்." அவர் அதைத் தன் பாணியில் சற்று மெருகேற்றி வெளியே சொல்வார். வியாபாரிகள் தலையாட்டினார்கள். தாவோன் அண்ணனுக்கு வயசாக ஆக மூக்கு கூர்மையாகுது என்று ஒருவர் சொல்லிவிட்டுக்கூடப் போனார்.

ஒரே ஒரு முறை சறுக்கியது. ராட்சபுரியிலிருந்து சனோங் வந்திருந்தார். வியாபாரிதான் என்றாலும் தாவோனுக்குப் பள்ளிக்கூடத்து நாள் முதல் பழக்கம். ராத்ரி அடுப்பில் மீனைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். "ஐயோ, மீன் தீயுது" என்று அவள் வாய்க்குள்ளேயே சொல்ல, தாவோன் கண்ணை மூடியபடி, "லேசா… தீஞ்ச மீன்" என்று அறிவித்துவிட்டார்.

சனோங் பூவைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். "அண்ணே, பசிக்குதுன்னா பசிக்குதுன்னு சொல்லுங்க. பூ மேல ஏன் பழி போடுறீங்க?"

ராத்ரி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினாள். விழுந்த பிறகு தாவோன் வாய்விட்டுச் சிரித்ததும் அன்றுதான்.

ஜனவரி நடுவில் பேரப்பிள்ளைகள் பூக்க ஆரம்பித்தன. ரோஸ், வெளிர் ரோஸ், புள்ளி போட்டது, அழுக்கு வெள்ளை. பல நூறு கூடைகள். ஒரு காலை கடைசி வரிசையிலிருந்து தாவோன் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய், ஏய்" என்று மட்டும் குரல் வந்தது. ஓடினாள்.

அடர்சிவப்பு. மாதுளை முத்தின் உட்பக்கச் சிவப்பு. இதழ்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் அடுக்கி, கொத்து முழங்கை நீளத்துக்கு இறங்கியிருந்தது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு பூ அந்தத் தோட்டத்தில் பூத்ததில்லை.

"முகரு" என்றார்.

முகர்ந்தாள். ஈர மரக்கூடை. வேர். மறுபடி குனிந்து, பூவுக்குள் மூக்கு படும்படி இழுத்தாள். பச்சைத் தண்ணீர் வாடை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள். அவர் முகம் அவள் முகத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. பரீட்சைத் தாளுக்குக் கை நீட்டி நிற்கிற பிள்ளையின் முகம்.

"இருக்கு" என்றாள்.

"எப்படி?"

"வெள்ளை மாதிரியே."

புதுப் பூ, இரண்டொரு நாளில் மணம் ஏறினாலும் ஏறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏறவில்லை. தினமும் வெயில் வந்ததும் போய்ப் பார்த்தாள். தினமும் பச்சைத் தண்ணீர்.

தாவோன் அதற்குள் மூன்று நிறத் துணி வாங்கி வந்து, கோயில் மரத்துக்குக் கட்டுவது போல அந்தக் கூடையின் கம்பியில் கட்டிவிட்டார். சனோங்குக்கு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா, வாசனையோட சிவப்பு, உன் மூக்காலேயே பார் என்றார். மகனை அழைத்து, இதன் நுனியை எடுத்துக் குடுவையில் பெருக்க ஏற்பாடு செய் என்றார். இராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஏக் அம்மாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"அந்தச் சிவப்புல ஒண்ணுமே இல்லையேம்மா."

"மப்பா இருக்குல்ல. வெயில் வரட்டும்."

"நேத்து நல்ல வெயில். முந்தாநேத்தும் வெயில்." அவன் சுருக்கமாகப் பேசுகிறவன். "அப்பாவுக்கு மூக்கு போயிருச்சா?"

ராத்ரி தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"குடுவை அறையில ஸ்பிரிட் கொட்டிருச்சு. கண்ணு எரியுதுன்னு சொன்னார். நாத்தம்னு சொல்லல. நான் சொல்லட்டுமா அவர் கிட்ட?"

"வேணாம். பொய் என்னது. நானே சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லுங்க. இதோட நுனிய நான் இன்னும் வெட்டல. வெட்டிட்டா அப்புறம் ஆயிரக்கணக்குல வாசனையில்லாத செடிதான்."

சனிக்கிழமை சொல்ல நினைத்தாள். அவர் வாசலைக் கூட்டி, வருகிறவர்களுக்கு நாற்காலி கழுவிக்கொண்டிருந்தார். இன்ஹேலர் டப்பாவைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். சொல்லவில்லை.

ஞாயிறு காலை, சனோங்கின் வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சிவப்புக் கூடைக்குக் கீழே வைத்துச் சொன்னாள். வேறு இடம் தேடினால் இன்னொரு நாள் போய்விடும் என்று பயம்.

"அதுல வாசனை இல்லைங்க."

அவர் சிரித்தார். "இன்னிக்கு மப்பு."

"என்னிக்குமே இல்ல. முத நாளே இல்ல. நான்தான் இருக்குன்னு சொன்னேன்."

தாவோன் பூவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"ஏன்?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வரல."

"வேற எதுல பொய் சொல்லியிருந்தாலும் சரி. காசுல சொல்லு, சோத்துல சொல்லு." குரல் உயரவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இனிமே எனக்கு வாசனைன்னா உன் வாய்தான். அதுவே இல்லாததை இருக்குன்னா, நான் எங்க போய்க் கேப்பேன்? இதுவரைக்கும் சொன்னதுல எது நிஜம், எது பொய்? இந்தத் தோட்டத்துல நான் எதை நம்பி நிக்கிறது?"

அவர் பாத்திகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில் இறங்கி, மருந்தடிக்கிற சின்னப் படகில் ஏறி, கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

சனோங் மூன்று பேரோடு வந்து இறங்கினார். வாசலிலேயே இன்ஹேலரை டப்பாவில் போட்டார். "எங்கக்கா நம்ம மூக்கு மன்னரு?"

ராத்ரி அவர்களைச் சிவப்பிடம் கூட்டிப் போனாள். நால்வரும் வாயைப் பிளந்தார்கள். கேமரா எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சனோங் மறுபடி குனிந்தார்.

"அதுல வாசனை கிடையாது தம்பி. நீங்க இவ்வளவு தூரம் வந்தது வீணாப் போச்சு. தப்பு என்னது" என்றாள் ராத்ரி.

"உங்களுதா? தாவோன் அண்ணன்தானே போன்ல சொன்னாரு, வெள்ளை மாதிரியே மணக்குதுன்னு?"

அவள் வாய் திறந்தாள். அவருடைய ரகசியம் அது. தன் தப்பைக் காப்பாற்றிக்கொள்ள அதை எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "சொன்னாரு" என்று மட்டும் சொன்னாள்.

"வயசாயிருச்சு அண்ணனுக்கு" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

படகு கரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. தாவோன் சேற்றுக்காலோடு ஏறி வந்தார்.

"வயசு இல்ல. மூக்கு போயிருச்சு. ஏணிலேருந்து விழுந்தன்னிக்கே போயிருச்சு. இந்த வருஷம் நான் சொன்னதெல்லாம் இவ சொன்னது" என்றார்.

சனோங் தலையைச் சொறிந்தார். எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

"போன மாசம் நான் வாங்கிட்டுப் போன வெள்ளை. 'வெயில்ல காஞ்ச புதுப் பாய்'னு சொன்னீங்களே?"

"அவ சொன்னது."

"அதானே பாத்தேன். இருபது வருஷமா எலுமிச்சைத் தோல், எலுமிச்சைத் தோல்னே கேட்டுக் கேட்டு, இதென்னடா புதுசா இருக்கேன்னு வீட்டுல போய் முகர்ந்து பாத்தேன். அப்படியே பாய்தான்!" திடீரென்று விரலை நீட்டினார். "அப்ப அந்தத் தீஞ்ச மீன்?"

"அது மீன்தான்" என்றாள் ராத்ரி.

சனோங் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், கழுவி வைத்த நாற்காலியில் போய் விழுந்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். தாவோன் சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. வந்தவர்கள் இரண்டு கூடை வெள்ளையும் ஒரு கூடை புள்ளியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வண்டி போன பிறகு அவர் அவளிடம் கேட்டார். "அப்ப எதுலதான் இருக்கு?"

"எது?"

"இத்தனை நூறு பூத்திருக்கே. மணக்கிறது எது? நிஜமா."

அவள் கழிவு வரிசைக்குக் கூட்டிப் போனாள். நிறமும் வடிவமும் தேறாதவை என்று அவரே ஒதுக்கிய செடிகள். அதில் ஒன்று வெளிறிய ரோஸ், துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி. இதழ் ஒரு பக்கம் முறுக்கியிருந்தது. கொத்தும் குட்டை.

"இதுவா?" என்றார். "இதைக் காசு குடுத்தாக்கூட எவனும் தூக்கிட்டுப் போமாட்டான்."

"போகாட்டி போறான். கேட்டீங்க, சொன்னேன்."

அவர் குனிந்து பூவுக்குள் மூக்கை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது எதுவும் மாறவில்லை. "சொல்லு" என்றார்.

ராத்ரி கண்ணை மூடினாள். மூடியது அதுதான் முதல் தடவை. "காலைல சோறு வடிக்கிறப்போ முத ஆவி. அதுல யாரோ ஒரு எலுமிச்சையக் கீறின மாதிரி. அப்புறம் எங்க ஊரு உப்பளத்துல, காத்து நின்னு போனா ஒரு வாசனை வரும். அதுக்கு எனக்குப் பேர் தெரியல."

"மெருகு போடாம சொல்லு."

"போடல. அப்படித்தான் இருக்கு."

தாவோன் சட்டைப் பையிலிருந்து பல்குச்சியை எடுத்தார். சிவப்புக்கு இந்தச் சாயம் போனதன் மகரந்தத்தை வைக்க வேண்டும் என்பது இருவருக்குமே புரிந்திருந்தது. மறுபடி ஐந்தாறு வருஷம் என்பதும் புரிந்திருந்தது. குச்சியை அவளிடம் நீட்டினார்.

"எனக்கு வராது. கை நடுங்கும்" என்றாள்.

"எனக்கும் நடுங்குது. நீயே பண்ணு. மூக்கு உன்னுது, கையும் உன்னுதா இருக்கட்டும்."

வெளிறிய பூவின் நுனி மூடியைக் குச்சியால் தள்ளினாள். மஞ்சள் மகரந்த முத்து இரண்டும் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தன. சிவப்புப் பூவின் குழியில் வைத்து அழுத்தினாள். இரண்டே நாளில் அந்தச் சிவப்பு, பத்து வருஷத்துச் சிவப்பு, வாடிச் சுருங்கியது. காம்பு பச்சையாகத் தடித்தது. ஏக் சொன்னான், பிடிச்சிருச்சு.

அதற்குப் பிறகு தாவோன் வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் கண்ணை மூடுவதை விட்டுவிட்டார். "அவளைக் கேளுங்க" என்பார். ராத்ரி சொல்வாள். நாற்றம் என்றால் நாற்றம், ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. "இதுல ஒண்ணும் இல்ல, சும்மா அழகுக்கு வேணும்னா கொண்டு போங்க" என்று அவள் சொல்லும்போது தாவோன் பக்கத்தில் நின்று தலையாட்டுவார், தானே முகர்ந்து பார்த்தது போல. ஒரு முறை பழக்க தோஷத்தில், அந்த ஊர் முத்தமாக, அவள் கன்னத்தை முகர்ந்துவிட்டு, "சொல்லு" என்றாராம். "கூனி" என்றாளாம். இதை அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

காய் முற்றி, ஏக் விதைத்து, குடுவையிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து கூடைக்கும் ஏறி, இலை இலையாக வளர்ந்தது. அந்த வரிசையை ராத்ரி திட்டியதில்லை. "இதுங்க என் பிள்ளைங்க, கண்ணு பட்டுரும்" என்பாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் கணையத்தில் நோய் என்றார்கள். தெரிந்தபோதே தாமதம். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் மூக்கு கடைசி வரை வேலை செய்தது. எந்த நர்ஸ் மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று சொல்லிவிடுவாள். அவர்களும் வேண்டுமென்றே வந்து நின்று, "சொல்லுங்கம்மா பாப்போம்" என்பார்கள். ஒரு நாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா கேப்பாரு. மூஞ்சியப் பாக்காத. பூவ மட்டும் பாரு."

சரி என்றான். மழை விடுவதற்குள் அவள் போய்விட்டாள். ஆற்றோரக் கோயிலில் எரியூட்டினார்கள். ஊதுவத்தி நிறையப் புகைந்தது. தாவோன் யாரையும் தடுக்கவில்லை.

இந்த ஜனவரியில் அவளுடைய வரிசையில் முதல் மொட்டு விரிந்தது. அடர்சிவப்பு இல்லை. பழுத்த ரோஸ், ஓரத்தில் மட்டும் சிவப்பு ஏறியிருந்தது. வெயில் வலையைத் தொட்டதும் தாவோன் மகனைக் கூப்பிட்டார். ஏக் விதைப்பு அறையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"பாரு" என்றார்.

ஏக் குனிந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், பூவை மட்டும் பார்த்து, இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"இருக்கு. கொஞ்சம்தான் இருக்கு."

"கொஞ்சம்னா எப்படி?"

ஏக் யோசித்தான். அந்த மணத்தில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கலாம் என்று அவனால் சொல்ல முடியும். அதைச் சொல்லவில்லை. எலுமிச்சை என்று சொல்ல வாயெடுத்து, அதுதானா என்று நிச்சயமில்லாமல் விட்டுவிட்டான். மூன்றாம் முறை குனிந்தான்.

"தெரியலப்பா. இருக்கு, ஆனா என்னன்னு சொல்லத் தெரியல."

தாவோன் கூடையைத் தொட்டு, பூ வெயில் பக்கம் இருக்கும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.

"பரவால்ல. நாளைக்கும் வந்து பாரு" என்றார். "தெரியுறப்ப சொல்லு."